மாவுக்கட்டு பிரித்த பிறகு: ஓர் அரிசி ஆலைத் தொழிலாளியின் மருத்துவ விடுப்பு

2023 மே 14, ஞாயிற்றுக்கிழமை மாலை. மன்னார்குடியில் எங்கள் சங்க அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். நாற்பது வயதை ஒட்டி இருக்கும். வலது கையை மார்போடு அணைத்து வைத்திருந்தார். இடது கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதன் வாயில் முடிச்சு. அதை அவிழ்க்க இரண்டு முறை முயன்றார், விரல்கள் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் பல்லால் இழுத்து அவிழ்த்தார்.

உள்ளே இருந்து வந்த முதல் தாள், ஆலை நிர்வாகம் முந்தைய நாள் கொடுத்த கடிதம். முன் அனுமதி இல்லாமல் ஏழு நாட்கள் வேலைக்கு வரவில்லை, மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், தவறினால் வேலையிலிருந்து நீக்கப்படலாம் என்று அதில் இருந்தது.

அந்த ஏழு நாட்களும் அவர் தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிக்காகக் காத்திருந்த நாட்கள். ஆலையில் விழுந்து உடைந்த கைக்காகப் போன நாட்கள்.

நான் வழக்கறிஞர் அல்ல. மாலை நேரங்களில் சங்கத்தில் உட்கார்ந்து தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன். இந்த நிகழ்வை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரையும் ஆலையையும் சொல்லப்போவதில்லை. இங்கே வரும் இ.எஸ்.ஐ., தொழிற்சாலைச் சட்ட விதிகள் 2023இல் இருந்தவை, பிறகு வந்த மாற்றத்தைக் கடைசியில் சொல்கிறேன். காயம்பட்டவருக்கு விடுப்பு உண்டு என்பது நம் ஊரில் ஓரளவு எல்லோருக்கும் தெரியும். கட்டுப் பிரித்த பிறகு மருத்துவமனைக்கு நடக்கும் நாட்கள் யாருடைய கணக்கு என்பதில்தான் கூலி பறிபோகிறது, சில சமயம் வேலையும் பறிபோகிறது.

விழுந்த நாள்

அந்த ஆண்டு பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் டெல்டா முழுக்கச் சம்பா நனைந்தது. அறுவடை தள்ளிப்போனது. நேரடி கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல் மொத்தமாகக் கிளம்பியபோது நீடாமங்கலம், மன்னார்குடிப் பக்கத்து அரவை ஆலைகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. இவர் வேலை பார்த்த ஆலையில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். இவருக்குச் சாக்கு தைக்கும் வேலை. அரிசி நிரம்பிய 50 கிலோ சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்து, கைத்தையல் மெஷினை வலது கையில் தூக்கி, விசையை அழுத்தியபடியே விளிம்போரமாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். அந்த மெஷின் நல்ல கனம். நிமிடத்துக்கு ஒரு மூட்டையாவது நகராவிட்டால் எடை போடுகிறவர் குரல் கொடுப்பார்.

மார்ச் 7, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணி. நூல்கண்டு எடுக்க மேடைப் படியில் இறங்கினார். அரிசித் தவிட்டில் எண்ணெய் உண்டு என்பது ஆலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சிமெண்டுத் தரையில் அது நாள்கணக்கில் படிந்தால் காலை வைக்க முடியாது. வழுக்கியது. கையை ஊன்றிக்கொண்டு விழுந்தார். எழுந்தபோது மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

சூப்பர்வைசரும் கூட வேலை செய்த ஒரு பெண்ணும் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். இந்த நிகழ்வின் போக்கையே தீர்மானித்த கணம் அங்கேதான் நடந்தது. விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறவர், "எங்கே விழுந்தார்?" என்று கேட்டிருக்கிறார். சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, "வீட்டில், சார்" என்று சொல்லியிருக்கிறார். வலியில் இவர் பேசும் நிலையில் இல்லை. கூட வந்த பெண்தான், "இல்லை சார், மில்லில்தான். தவிட்டில் வழுக்கிவிட்டது. நான் பக்கத்திலேயே நின்றேன்" என்று சொன்னார். எழுதுகிறவர் மில் என்றே எழுதினார். அந்தப் பெண்ணுக்கும் அதே ஆலையில்தான் சோறு. தெரிந்தேதான் சொன்னார். இந்த வழக்கில் நான் கைகூப்ப வேண்டிய ஒருவர் உண்டென்றால் அது அவர்தான்.

மணிக்கட்டுக்கு மேலே ஆர எலும்பில் முறிவு. எலும்பைச் சேர்த்து வைத்து மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம்.

47 நாட்களின் கணக்கு

அவருக்கு நாள் கூலி 480 ரூபாய். 26 நாள் வேலை செய்தால் மாதம் 12,480. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு என்ற இடத்தில் 94 ரூபாய் பிடித்தம் இருந்தது. தொழிலாளியின் பங்கு முக்கால் சதவீதம். ஆலை தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 406 ரூபாய் கட்டியிருந்தது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை வாங்குகிறவர்கள் இந்தக் காப்பீட்டுக்குள் வருவார்கள். பிடித்தம் நடந்திருக்கிறது, அட்டையும் இருக்கிறது. அந்த அளவில் இவர் கொடுத்துவைத்தவர். இந்தப் பக்கத்தில் சம்பளச் சீட்டையே பார்த்திராத மூட்டை தூக்குகிறவர்கள் எத்தனையோ பேர்.

இ.எஸ்.ஐ.யில் இரண்டு வகை உதவித்தொகை இங்கே பொருந்தும். நோய்க்கால உதவித்தொகை என்றால் சராசரி நாள் கூலியில் 70 சதவீதம். முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலம், அதற்குப் பணம் இல்லை. ஆண்டுக்கு 91 நாள் என்ற உச்சவரம்பும் உண்டு, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பங்களிப்பு சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வேலை காரணமாக ஏற்பட்ட காயம் என்றால் அது தற்காலிக ஊன உதவித்தொகை. அதற்கு 90 சதவீதம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உண்டு. விபத்து நாளைத் தவிர்த்து மூன்று நாளாவது முடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நாட்களுக்கு உச்சவரம்பு இல்லை, முடக்கம் இருக்கும்வரை உண்டு.

ஆலை, விபத்து அறிக்கையை இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. ஆலையில் இருக்க வேண்டிய விபத்துப் பதிவேட்டிலும் எழுதவில்லை. "உன் கவனக்குறைவுக்கு மில் என்ன செய்யும்?" என்று கணக்குப்பிள்ளை கேட்டதாக அவர் சொன்னார். அறிக்கை இல்லாததால், முடிவு தெரியும்வரை என்று அவருக்கு நோய்க்கால உதவித்தொகையே வந்தது. மார்ச் 8 முதல் ஏப்ரல் 23 வரை 47 நாட்கள். காத்திருப்பு இரண்டு போக 45 நாட்கள், நாளுக்கு 336 ரூபாய். ஆக 15,120. பணிக்காயம் என்று ஏற்றுக்கொண்டிருந்தால் 47 நாளுக்கு 432 வீதம் 20,304 வந்திருக்க வேண்டும். வித்தியாசம் 5,184 ரூபாய். அந்த வீட்டில் அது இரண்டு மாத மளிகை.

கவனக்குறைவு என்ற வாதத்துக்கு 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தில் இடமே இல்லை. வேலை நேரத்தில், வேலையின் போக்கில் நடந்த விபத்து, மாறான சான்று இல்லாதவரை வேலையின் காரணமாகவே நடந்ததாகக் கொள்ளப்படும் என்று 51-ஏ பிரிவு சொல்கிறது. தொழிலாளி தவறு செய்தாரா இல்லையா என்ற பட்டிமன்றத்தை நடத்தாமல் இருப்பதற்காகத்தான் காப்பீடு என்ற ஏற்பாடே வந்தது.

இதில் என்னை ஆற்றாமைப்படுத்துவது ஒன்று. இந்த உதவித்தொகையில் ஒரு ரூபாய்கூட ஆலையின் பெட்டியிலிருந்து போவதில்லை. மாதாமாதம் 406 ரூபாய் கட்டியது இதற்காகத்தான். பிறகு ஏன் மறைக்கிறார்கள்? பெரும்பாலும் பயம். அறிக்கை போனால் தொழிற்சாலை ஆய்வாளர் வருவார், தரையைப் பார்ப்பார், மற்ற ஏடுகளையும் கேட்பார் என்ற பயம். அந்தப் பயத்தின் விலையைத் தொழிலாளியின் 20 சதவீதத்தில் கழித்துக்கொள்கிறார்கள்.

கை சேர்ந்தது, கை வரவில்லை

ஏப்ரல் 18 அன்று கட்டைப் பிரித்தார்கள். எலும்பு சேர்ந்திருந்தது. ஆனால் ஆறு வாரம் அசையாமல் இருந்த மணிக்கட்டு கட்டையாக நின்றது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முடியவில்லை. டிபன் பாத்திர மூடியைத் திறக்க முடியவில்லை. ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. "தண்ணீர்க் குழாயைக்கூடப் பையனைக் கூப்பிட்டுத்தான் திறக்கச் சொல்கிறேன், தம்பி" என்றார். எலும்பு மருத்துவர் திங்கள், புதன், வெள்ளி என்று நான்கு வாரம் பிசியோதெரபி எழுதினார்.

அதே வாரம் ஆலையிலிருந்து ஆள் வந்தது. கட்டுப் பிரித்தாகிவிட்டதே, வேலைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொன்னார்கள். இவர் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய், வேலைக்குத் திரும்பலாம் என்ற தகுதிச் சான்று தாருங்கள் என்று தானே கேட்டு வாங்கினார். பிசியோதெரபிச் சீட்டைக் காட்டவில்லை. காட்டினால் சான்று தர மாட்டார்களோ என்று பயந்தாராம். ஏப்ரல் 24 அன்று வேலைக்குத் திரும்பினார்.

இதை அவருடைய தவறு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விளைவைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தகுதிச் சான்று வந்த நாளோடு உதவித்தொகை நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு மருத்துவமனை நாளும், காகிதத்தில், குணமான ஒருவர் எடுத்த விடுப்பு.

ஆலையில் முதலில் பெருக்கச் சொன்னார்கள். இரண்டாவது நாளே தையல் மெஷினிடம் நிறுத்தினார்கள். இடது கையால் மெஷினைத் தூக்கி வலது கையால் சாக்கைப் பிடித்துப் பார்த்தார், தையல் கோணிக்கொண்டு போனது. ஏப்ரல் 26, 28, மே 3, 5, 8, 10, 12 ஆகிய ஏழு நாட்கள் தஞ்சாவூர் போனார். மே 1 விடுமுறை. ஒவ்வொரு முறையும் முந்தைய நாள் மாலை சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லியிருக்கிறார். காலை ஆறரைக்குப் பஸ் ஏறினால் எட்டு மணிக்கு டோக்கன் வரிசை. மெழுகு ஒத்தடம், மணிக்கட்டை மடக்கி நீட்டுவது, ரப்பர் பந்தை அழுத்துவது எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம்தான். ஆனால் முறை வரப் பதினொன்றாகும். திரும்ப வந்து சேர ஒன்றரை மணி. மதியம் வேலைக்கு வருகிறேன் என்று கேட்டதற்கு, அரை நாள் கணக்கு இங்கே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஏழு நாள் கூலி 3,360 ரூபாய் போயிற்று. வருகை ஊக்கத்தொகை 500 ரூபாயும் போயிற்று. பிறகு அந்தக் கடிதம்.

சட்டத்தின் ஒரு வரி

மருத்துவமனைக்குப் போய்வர இரண்டு மணி நேர அனுமதி என்று ஒரு பிரிவு நம் தொழிலாளர் சட்டங்களில் இருக்கிறதா என்று தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டத்தில் நோய் விடுப்பு என்றே தனியாக ஒன்று இருக்கவில்லை. 240 நாள் வேலை செய்தவருக்கு அடுத்த ஆண்டில் 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு இருந்தது. பொதுவாக அதற்கு 15 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. உடல்நலக் குறைவுக்காக அதை எடுப்பதானால் அந்த முன்னறிவிப்பு இல்லையென்றாலும் கொடுத்தாக வேண்டும் என்று 79ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு சொன்னது. பயனுள்ள உட்பிரிவுதான். ஆனால் காயத்துக்காகச் சொந்த விடுப்பைச் செலவழிப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

இதே அம்மா ஆலையில் இல்லாமல் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை செய்திருந்தால் கதை வேறு. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. நோய்க்கு மட்டும் அல்ல, ‘நேர்ந்த விபத்துக்காகவும்’ என்ற பொருளில் அதன் சொற்கள் இருக்கின்றன. கூடவே 12 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. கடைத்தெருவில் நிற்கிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

ஆலைத் தொழிலாளிக்கு உயிரான இடம் இ.எஸ்.ஐ. சட்டத்தின் 2ஆம் பிரிவில் உள்ள ஒரு வரையறை. தற்காலிக ஊனம் என்றால் என்ன? பணிக்காயத்தால் ஏற்பட்டு, மருத்துவச் சிகிச்சை தேவைப்படுகிற, காயத்துக்கு முன்போ காயத்தின்போதோ அந்த ஊழியர் செய்துவந்த வேலையை அவரால் தற்காலிகமாகச் செய்ய முடியாமல் ஆக்குகிற நிலை. அன்று மாலை அந்த வரியை அவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

அதில் இரண்டு பிடிமானங்கள் இருக்கின்றன. ஒன்று, சிகிச்சை தேவைப்படுகிற நிலை. எலும்பு சேர்ந்துவிட்டதா என்று சட்டம் கேட்கவில்லை, சிகிச்சை இன்னும் தேவையா என்று கேட்கிறது. பிசியோதெரபி என்பது சிகிச்சை. இரண்டு, அவர் செய்துவந்த வேலை. துடைப்பம் பிடிக்க முடிகிறதே என்பது பதில் ஆகாது. அவர் வேலை பெருக்குவது அல்ல. சாக்கு தைப்பது. நாலைந்து கிலோ மெஷினை வலது கையில் ஏந்தி, விசையை அழுத்திக்கொண்டு, நாள் முழுக்க நிற்பது. அதைச் செய்ய முடியாதவரை அவர் ஊனமுற்ற நிலையில்தான் இருக்கிறார், கட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இதோடு 73ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நோய்க்கால உதவித்தொகையோ தற்காலிக ஊன உதவித்தொகையோ பெறும் காலத்திலும், நோய்க்குச் சிகிச்சையில் இருக்கும் காலத்திலும், முறையாகச் சான்றளிக்கப்பட்ட உடல்நலக் குறைவால் வராத காலத்திலும் ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ, தரம் குறைக்கவோ, வேறு விதமாகத் தண்டிக்கவோ கூடாது. அந்தக் காலத்தில் கொடுக்கப்படும் நீக்க அறிவிப்பு செல்லாது.

ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 63ஆம் பிரிவின்படி, வேலை செய்த நாளுக்கோ, சம்பளத்துடன் விடுப்பில் இருந்த நாளுக்கோ உதவித்தொகை கிடையாது. காலையில் மருத்துவமனை, மதியம் ஆலை என்று ஒரு நாளைப் பிரித்தால், அந்தக் காலை நேரத்துக்கு இ.எஸ்.ஐ. பணம் தராது. ஆகவே முழு நாளுக்கும் சான்று வாங்க வேண்டும், அல்லது நேரத்தை மாற்றிக்கொள்ள ஆலையோடு உடன்பாடு வேண்டும். இரண்டுக்கும் நடுவே விழுகிறவருக்குச் சட்டத்தில் கை கொடுக்க யாரும் இல்லை. இது உண்மையான ஓட்டை, அடைக்கப்பட வேண்டிய ஓட்டை.

என்ன செய்தோம்

அன்றிரவே ஆலைக்குப் பதில் எழுதினோம். நீளமாக இல்லை, ஒரு பக்கம். மார்ச் 7 அன்று எந்த இடத்தில் எப்படி விழுந்தார், யார் பார்த்தார்கள், ஏழு நாட்களும் எந்தச் சிகிச்சைக்காகப் போனார், 73ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று வரிசையாக எழுதி, விபத்துப் பதிவேட்டில் பதிய வேண்டும், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று கேட்டோம். கோபமான சொல் ஒன்றுகூட வரக் கூடாது என்பதில் அந்த அம்மா உறுதியாக இருந்தார். "நாளைக்கும் அங்கேதான் தம்பி போக வேண்டும்." பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்பினோம்.

மறுநாள் திங்கள்கிழமை மருந்தகத்துக்கு அவரோடு நானும் போனேன். இந்த முறை பிசியோதெரபிச் சீட்டை முதலில் எடுத்து வைத்தார். மருத்துவர் பொறுமையானவர். சீட்டைப் படித்துவிட்டு, மேசையில் இருந்த தடித்த பேரேடு ஒன்றை வலது கையால் தூக்கச் சொன்னார். அவர் தூக்கினார். சரி, அப்படியே பிடித்துக்கொண்டு இருங்கள் என்றார். மூன்று நான்கு நொடிகளில் பேரேட்டின் முனை தாழத் தொடங்கியது, விரல்கள் வெளுத்தன. "நீங்கள் அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றார். அதே காயத்தின் தொடர்ச்சி என்று குறிப்பிட்டு மே 15 முதல் புதிய சான்று எழுதினார். வாரந்தோறும் வந்து காட்டச் சொன்னார். ஜூன் 11 வரை அது நீண்டது. 28 நாட்கள்.

கடினமாக இருந்தது கடந்துபோன ஏழு நாட்கள்தான். இ.எஸ்.ஐ. மருத்துவர் பின்தேதியிட்டுச் சான்று தர மாட்டார், தரவும் கூடாது. ஆனால் ஒரு நிகழ்வின் சூழ்நிலை நியாயமானதாகத் தோன்றினால், அரசு மருத்துவர் தரும் சான்று போன்ற வேறு ஆதாரத்தை இ.எஸ்.ஐ. கழகம் ஏற்றுக்கொள்ளலாம் என்று இ.எஸ்.ஐ. பொது ஒழுங்குமுறைகளில் வழி இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவமனையிலிருந்து, எந்தெந்த நாள் சிகிச்சைக்கு வந்தார் என்று ஒரு சான்று வாங்கினோம். புறநோயாளிச் சீட்டுகளோடு ஒப்பிட்டார்கள். மே மாதத்து ஐந்து நாட்களுக்கும் சீட்டில் தேதி முத்திரை இருந்தது. ஏப்ரல் 26, 28 ஆகிய இரண்டு சீட்டுகளிலும் முத்திரை இல்லை. அந்த இரண்டு நாட்களை ஏற்கவில்லை. ஐந்து நாளுக்கு 2,160 ரூபாய் வந்தது, இரண்டு நாளுக்கு 864 ரூபாய் வரவில்லை.

விபத்து பணிக்காயம்தானா என்ற விசாரணை தனியாக நடந்தது. ஆலை கடைசியில் அறிக்கை அனுப்பியது, ஆனால் சம்பவத்தை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை என்று எழுதியிருந்தது. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் அந்த வாதத்தைச் சாய்த்தது. மார்ச் 7, முற்பகல், அரிசி ஆலையில் வழுக்கி விழுந்ததாக என்ற ஒரே வரி. கூட வந்த பெண் கிளை அலுவலகத்துக்கும் வந்து வாக்குமூலம் கொடுத்தார். பணிக்காயம் என்று ஏற்றார்கள். முதல் 47 நாளுக்கான வித்தியாசம் 5,184 ரூபாயும், புதிய 28 நாளுக்கு 12,096 ரூபாயும் வங்கிக் கணக்கில் சேர்ந்தன. இதற்கெல்லாம் ஆகஸ்ட் ஆகிவிட்டது. உரிய தொகையைப் பன்னிரண்டு மாதத்துக்குள் கோர வேண்டும் என்பது சட்டத்தின் கெடு. ஒரு வருடம் இருக்கிறதே என்று விட்டிருந்தால், சாட்சியும் சீட்டும் நம் கையில் இருந்திருக்காது.

ஆலையின் பக்கம்

ஜூன் முதல் வாரத்தில் ஆலை முதலாளி எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் கெட்டவர் அல்ல. தையலில் ஒரு ஆள் குறைந்தால் எடை மேடையிலிருந்து லாரிவரை எல்லாம் நிற்கிறது, திடீரென்று வராவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. முன்கூட்டியே தேதி தெரிந்தால் ஆள் மாற்றிப் போடலாம் இல்லையா என்று திருப்பிக் கேட்டேன். யோசித்தார். பிசியோதெரபிச் சீட்டில் நான்கு வாரத்துத் தேதிகளும் முதல் நாளிலிருந்தே எழுதியிருந்தன. அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை, இவரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

விளக்கம் கேட்ட கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மீதி இருந்த மறுபரிசோதனை நாட்களில் மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு வரலாம், முழுக் கூலி உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். தேதியை ஒரு வாரம் முன்பே சூப்பர்வைசரின் வாட்ஸ்அப்பில் அனுப்புவது, சீட்டின் படத்தை மறுநாள் அனுப்புவது என்று ஏற்பாடு. சட்டத்தின் ஓட்டையை இந்த ஒரு ஆலையில் இப்படிப் பேசி அடைத்தோம். வருகை ஊக்கத்தொகை 500 ரூபாயை மட்டும் கடைசிவரை தரவில்லை. அது அவர்கள் விருப்பத்தில் தருவது என்று சொல்லிவிட்டார்கள். தண்டனையாகக் கழித்ததுதான் அது என்பது என் கருத்து. 73ஆம் பிரிவை வைத்து வாதாடியிருக்கலாம். அந்த அம்மா வேண்டாம் என்றார். அவர் வாழ்க்கை, அவர் முடிவு.

ஜூன் 12 அன்று வேலைக்குத் திரும்பினார். மேட்டூர் அணை திறந்த நாள் என்பதால் தேதி மறக்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. இ.எஸ்.ஐ. ஏற்பாடு இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இருக்கிறது. சம்பளத்துடன் விடுப்பு பெற 240 நாள் என்றிருந்தது 180 நாளாகக் குறைந்திருக்கிறது. நான் மேலே சொன்ன பிரிவு எண்கள் 2023இல் இருந்தவை. மனு எழுதுகிறவர்கள் புதிய எண்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயலில் நடவு நடும்போது சேற்றில் வழுக்கிக் கை ஒடிகிற பெண்ணுக்கு இந்தக் கணக்கு எதுவுமே இல்லை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருக்குப் பதிவேடும் இல்லை, 90 சதவீதமும் இல்லை. ஆலையில் சாக்கு தைக்கிறவரும் அவரும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள்.

அந்த ஆண்டு இறுதியில், நிரந்தரப் பாதிப்பு இருக்கிறதா என்று பார்க்க மருத்துவ வாரியத்தின் முன் வரச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்தது. கடிதத்தின் படத்தை அன்றே சூப்பர்வைசருக்கு அனுப்பிவிட்டார். நானும் கூடப் போனேன், கதவுவரை. உள்ளே என்ன கேட்டார்கள் என்று வெளியே வந்து செய்து காட்டினார். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் மேலே பார்க்கத் திருப்பச் சொன்னார்களாம். இடது உள்ளங்கை முழுதாகத் திரும்பி வானத்தைப் பார்த்தது. வலது உள்ளங்கை முக்காலில் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் என்று அவர்கள் சொன்னபோது தோள்தான் சாய்ந்தது, கை திரும்பவில்லை என்றார். அதை எழுதிக்கொண்டார்களா என்று கேட்டேன். எழுதிக்கொண்டார்கள் என்றார்.